ராத்திரி ஒரு மணிக்குத் தனியாகச் சிரிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?

எழுதியவர் 43 வயதுப் பெண். கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, மூன்று பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்காருவேன். பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிவிடும். நான் பார்ப்பது பெரியவர்களுக்கான கார்ட்டூன், அதிலும் கிறுக்குத்தனமானவை. ஒரு மில்க் ஷேக்கும், ஒரு பெட்டி உருளைக்கிழங்கு வறுவலும், ஒரு இறைச்சி உருண்டையும் ஒரே வீட்டில் குடியிருந்து சண்டை போடும் தொடரை மூன்று முறை முழுதாகப் பார்த்துவிட்டேன். எட்டு மாதத்துக்கு முன் அப்பா இறந்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஆக வேண்டியதை எல்லாம் நின்று கவனித்தேன். மூன்றாவது வாரம் ராத்திரி ஒரு மணிக்கு அந்த மில்க் ஷேக் ஏதோ உளறியதற்குச் சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது. கணவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். காலையில், 'அப்பா போய் ஒரு மாசம்கூட ஆகல, பொம்மைப் படம் பார்த்துச் சிரிக்கிற. டாக்டரைப் பார்க்கலாமா?' என்றார். போன மாதம் என் 11 வயது மகன் அதில் வரும் கெட்ட வார்த்தை ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னான். அன்றிலிருந்து வீட்டில் சரியான பேச்சே இல்லை. தனியாகச் சிரிப்பது மனநோயின் அறிகுறியா? அப்பா மேல் எனக்குப் பாசமே இல்லையா? பாஸ்வேர்டை மாற்றி வைத்துக்கொள்ளும்படி கணவரிடம் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா? ஒரு குதிரை வரும் தொடரைப் பார்த்து ஒரு நாள் அழுதுவிட்டேன். அதைக் கணவரிடம் சொல்லவில்லை."

அன்புள்ள வாசகிக்கு,

போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே அந்தக் குதிரை, கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இல்லை, நீங்கள் எழுதியிருப்பதில் மனநோயின் அறிகுறி எதுவும் இல்லை.

மனநல மருத்துவர்கள் விசாரிக்கும் சிரிப்பு வேறு மாதிரியானது. எதிரே ஒன்றுமே இல்லாதபோது, மற்றவர் காதில் விழாத குரலுக்குப் பதில் சொல்வதுபோல வரும் சிரிப்பு ஒன்று. பக்கவாதம் போன்ற மூளைப் பாதிப்புக்குப் பிறகு, மனதில் மகிழ்ச்சியே இல்லாமல், அடக்கவும் முடியாமல் பொத்துக்கொண்டு வரும் சிரிப்பு இன்னொன்று. உங்களுடையது இரண்டும் இல்லை. எதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று உங்களால் சொல்ல முடிகிறது. கணவர் வந்து நின்றதும் நின்றுவிட்டது. மறுநாள் வேலைக்குப் போய்விட்டு வந்தீர்கள்.

ஆனால் உங்கள் கணவர் திடுக்கிட்டதிலும் நியாயம் உண்டு. சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன் என்ற உளவியலாளர், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். சிரிப்பு பெரும்பாலும் அடுத்தவருக்காக வருவது. நடு ராத்திரியில் தனியாக ஒருவரை மூச்சு வாங்கச் சிரிக்க வைப்பது அபூர்வம் என்பதால், பார்ப்பவருக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். அந்த வசனத்தை எழுதியவர் தொழில் தெரிந்தவர் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பொம்மைப் படம் குழந்தைக்கு மட்டும் என்று யார் சொன்னது?

இந்த எண்ணம் உங்கள் கணவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் இருக்கிறது. "இந்த வயதில்" என்று கடிதத்தில் ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன். கற்கால மனிதர்கள் கல் கார் ஓட்டும் தி பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடர் 1960-இல் அமெரிக்காவில் குடும்பத்தோடு பெரியவர்களும் டிவி பார்க்கும் ராத்திரி நேரத்தில்தான் தொடங்கியது. தொடக்கத்தில் அதற்கு விளம்பரம் கொடுத்தவர்களில் ஒரு சிகரெட் கம்பெனியும் இருந்தது. தொடரின் பாத்திரங்களே விளம்பரத்தில் அந்த சிகரெட்டைப் பற்றவைப்பார்கள். பிற்பாடு சனிக்கிழமைக் காலை நேரம் குழந்தைகளின் கார்ட்டூன்களுக்கு என்று ஆனதும், கார்ட்டூன் என்றாலே சின்னப் பிள்ளை விஷயம் என்ற பழக்கம் ஊறிவிட்டது. 1989-இல் வந்த தி சிம்ப்சன்ஸும் 1997-இல் வந்த சவுத் பார்க்கும் அந்தப் பழக்கத்தை உடைத்தன.

நீங்கள் பார்க்கும் ரகத்துக்குத் தனி வம்சாவளி உண்டு, அது கொஞ்சம் ஏழை வம்சம். 1966-இல் ஸ்பேஸ் கோஸ்ட் என்று ஒரு விண்வெளி வீரன் கார்ட்டூன் வந்தது. 1994-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் அந்தப் பழைய படங்களையே வெட்டி ஒட்டி, அந்த வீரனை ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்து, பேட்டி எடுப்பவனாக மாற்றினார்கள். விருந்தினர்கள் நிஜ மனிதர்கள். அவர்களிடம் கேட்டது ஒரு கேள்வியாக இருக்கும், திரையில் வீரன் கேட்பது வேறொரு கேள்வியாக இருக்கும். பதில் ஒட்டாது. வீரன் முறைத்துக்கொண்டே இருப்பான், விருந்தினர் கண்ணைச் சிமிட்டுவார், ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காத நேரம்தான் நகைச்சுவை. புதிதாகப் படம் வரையக் காசு இல்லாததால் பிறந்த ஒரு பாணி அது.

2001 செப்டம்பர் 2, ஒரு ஞாயிறு இரவு, அதே சேனலில் அடல்ட் ஸ்விம் என்ற பெயரில் இவற்றுக்கென்று தனி நேரம் ஒதுக்கினார்கள். பெயரைக் கவனியுங்கள். பொது நீச்சல் குளங்களில் அவ்வப்போது விசில் ஊதிக் குழந்தைகளைக் கரையேற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பெரியவர்களை மட்டும் தண்ணீரில் விடுவார்கள். அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் பெயர். நீங்கள் பதினொன்றரை மணிக்கு ஹெட்போனை மாட்டுவதும் அதேதான். வீட்டில் எல்லோரும் கரையேறிய பிறகு நீங்கள் தண்ணீரில் இறங்குகிறீர்கள்.

உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தீர்களானால், ஃபேமிலி கை என்ற, பெரியவர்களுக்கான இன்னொரு கார்ட்டூன் தொடரின் கதையைக் கேளுங்கள். 2002-இல் அதை ஊற்றி மூடினார்கள். அடல்ட் ஸ்விம்மில் ராத்திரி மறு ஒளிபரப்பு நன்றாகப் போனது, டிவிடிகளும் விற்றுத் தள்ளின. 2005-இல் மூடியவர்களே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அர்த்தமில்லாததில் என்ன சுகம்?

உங்களுக்குப் பதில் எழுதுவதற்காக அந்த மில்க் ஷேக் தொடரில் மூன்று எபிசோடு பார்த்தேன். முதலாவதில் எனக்குச் சிரிப்பே வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதிலும் அவ்வளவாக இல்லை. மூன்றாவதில், பக்கத்து வீட்டுக்காரர் தன் நீச்சல் குளத்தை இவர்கள் நாசம் செய்ததைப் பார்த்துக் கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் அலுப்போடு நிற்கும்போது, என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அலுத்துப்போன ஒரு மனிதனின் முகத்தை அவ்வளவு மோசமான கோடுகளில் அவ்வளவு சரியாக வரைந்திருந்தார்கள்.

இந்தத் தொடரில் அந்த மூவரும் துப்பறிவாளர்கள் என்றுதான் ஆரம்பித்தார்கள். சில எபிசோடுகளிலேயே அது காற்றோடு போயிற்று. யாரும் எதையும் துப்பறிவதில்லை. ஒரு எபிசோடு சுமார் 11 நிமிடம். அதற்குள் கதை ஒன்று தொடங்கும், திசை மாறும், பாதியில் யாராவது வெடித்துச் செத்துப்போவார்கள், அடுத்த வாரம் எதுவுமே நடக்காததுபோல வந்து நிற்பார்கள். கணக்கு எங்கேயும் நேராகாது.

இப்போது உங்கள் பகலைப் பாருங்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் ஏன் இடிக்கிறது என்று தேடுவதுதான் உங்கள் வேலை. வீட்டுக்கு வந்தால் மகனின் பாடம், மறுநாளுக்கான ஏற்பாடு, எல்லாமே ஏதாவது ஒன்றுக்காகச் செய்வது. நடு ராத்திரியில் நல்ல கதை உள்ள படம் பார்த்தால்கூட, யார் யாருக்கு என்ன உறவு, யார் கொலைகாரன் என்று மனம் மறுபடி தணிக்கைக்கு உட்கார்ந்துவிடும். உளறலுக்கு அந்தத் தேவை இல்லை. அது உங்களிடம் எதையும் கேட்பதில்லை. பாதியில் தூங்கினாலும் ஒன்றும் போய்விடாது.

பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் முன்வைத்த விளக்கம் ஒன்று இந்த இடத்தில் பொருந்தும். ஒரு ஒழுங்கு மீறப்பட வேண்டும். அதே சமயம், இதனால் யாருக்கும் ஆபத்தில்லை என்றும் மனதுக்குத் தோன்ற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்போது சிரிப்பு வருகிறது என்கிறார்கள். நிஜ நடிகர் ஒருவரை வெடிக்கவைத்தால் வயிறு கலங்கும். வெடித்தது ஒரு மில்க் ஷேக் என்றால், அதுவும் கோணல்மாணலாக வரைந்த மில்க் ஷேக் என்றால், பாதுகாப்பு தானாக வந்துவிடுகிறது. கார்ட்டூனில் எல்லை தாண்டுவது சுலபமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நேரமும் சேர்ந்து வேலை செய்கிறது. இதைத் தயாரித்தவர்களுக்கே அது தெரியும். 2014-இல், பழைய குடும்பத் தொடர்களின் பாணியில் ஒரு டைட்டில் பாட்டு முடியவே முடியாமல் நீண்டு, மெல்ல மெல்லப் பயங்கரமாக மாறும் ஒரு குறும்படத்தை விடியற்காலை 4 மணிக்கு, விளம்பர நிகழ்ச்சிக்கு ஒதுக்கும் இடத்தில் போட்டார்கள். அதே படத்தைக் காலைக் காபியோடு பார்த்தால் பாதி சுவைதான். களைத்த மூளை காவலைத் தளர்த்தியிருக்கும் நேரத்துக்காகச் செய்த பண்டம் அது.

அப்பாவும் குதிரையும்

அடுத்தது உங்கள் இரண்டாவது கேள்வி. துக்கத்தில் சிரிப்பவருக்குப் பாசம் இல்லை என்பது பலர் நம்பும் விஷயம். டாகர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாழ்க்கைத் துணையை இழந்து சில மாதங்களே ஆனவர்கள் இறந்தவரைப் பற்றிப் பேசும்போது அவர்களின் முகத்தைக் கவனித்தார்கள். கண்ணைச் சுற்றிய தசையும் சேர்ந்து சுருங்கும் உண்மையான சிரிப்பு வந்தவர்களிடம் மன வேதனை குறைவாக இருந்தது. சிரிப்பு துக்கத்தை ஆற்றியது என்று இதிலிருந்து நான் சொல்ல மாட்டேன். சிரிப்பு வருவதால் துக்கம் பொய் என்று ஆகாது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அவர்கள் இறந்தவரைப் பற்றிப் பேசும்போது சிரித்தார்கள். நீங்கள் சிரித்தது மில்க் ஷேக்குக்கு. அப்பாவைப் பற்றி யாரிடமாவது பேசினீர்களா என்று கடிதம் முழுக்கத் தேடினேன். இல்லை. "கண்டிப்பானவர்" என்ற ஒரு சொல்தான் கிடைத்தது.

அந்தக் குதிரைத் தொடரின் பெயரை நீங்கள் எழுதாவிட்டாலும், விவரித்ததை வைத்து எது என்று தெரிகிறது. போஜாக் ஹார்ஸ்மேன் தொடரில் 2018-இல் வந்த எபிசோடு. தொடக்கத்தில் ஒரு சிறு காட்சி போனால், மீதி முழுக்க அந்தக் குதிரை தன் அம்மாவின் சவப்பெட்டி முன் நின்று பேசுகிறது. வேறு யாரும் பேசுவதில்லை. பாசம் காட்டத் தெரியாத அம்மா அவள். மருத்துவமனையில் கடைசியாக அவனைப் பார்த்து "ஐ சீ யூ" (உன்னைப் பார்க்கிறேன்) என்றாளாம். வாழ்நாளில் முதல் முறையாக அம்மா என்னைப் பார்த்தாளா, அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் மாற்றி மாற்றி யோசிக்கிறான். கடைசியில் புரிகிறது: அவள் ஐ.சி.யூ. என்ற தீவிர சிகிச்சைப் பிரிவின் பலகையைப் படித்திருக்கிறாள்.

இது ஒரு மொக்கை ஜோக். அந்த இடத்தில்தான் உங்களுக்கு அழுகை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. கண்டிப்பான அப்பாவின் மகள், ஆக வேண்டியதை எல்லாம் நின்று கவனித்தவள், யாரும் பார்க்காத நேரத்தில், மனித முகமே இல்லாத ஒரு உருவம் பேசியபோது அழுதிருக்கிறாள். மனிதர் நடித்திருந்தால் அது வேறொருவரின் கதையாக விலகி நின்றிருக்கலாம். குதிரைக்கு யாருடைய சாயலும் இல்லாததால், உங்கள் அப்பாவை அதில் வைத்துப் பார்க்க இடம் கிடைத்தது. உங்கள் துக்கம் பின்வாசல் வழியாக வந்திருக்கிறது. வந்ததே பெரிது.

கணவர் சொன்னதில் சரியானவை

உங்கள் மகன் விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம். கார்ட்டூன் என்றால் குழந்தைக்கு என்ற தவறான எண்ணத்தின் மறுபக்க ஆபத்து இதுதான்: திரையில் வண்ணப் பொம்மையைப் பார்த்ததும் பெரியவர்கள் தடுக்க மாட்டார்கள், பிள்ளையும் தனக்கென்றே நினைத்துக்கொள்வான். இந்தத் தொடர்களில் பல, அவை வந்த நாட்டிலேயே 17 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு ஏற்றதல்ல என்று முத்திரை குத்தப்பட்டவை. உங்களுக்குத் தனி புரொஃபைல் வைத்து அதற்கு ரகசிய எண் (PIN) போடுங்கள். "தொடர்ந்து பார்க்க" என்ற வரிசையில் உங்கள் தொடர் அவன் கண்ணில் படக் கூடாது. அதோடு விடாமல் அவனிடம் பேசவும் வேண்டும். "அது அம்மா பார்க்கிற படம், அந்த வார்த்தைக்கு அர்த்தம் இது, அதனால் மேஜையில் சொல்லக் கூடாது" என்றால் போதும். ஒளித்து வைத்தால் தேடுவான், விளக்கினால் அவனுக்கே அலுத்துவிடும்.

தூக்கம் அடுத்தது. எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று எழுதியிருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். படுக்க நினைத்த நேரத்துக்கு, வெளியிலிருந்து எந்தத் தடையும் இல்லாமலேயே படுக்காமல் தள்ளிப்போடும் பழக்கத்தை நெதர்லாந்து ஆய்வாளர் ஃப்ளோர் க்ரூஸும் சக ஆய்வாளர்களும் 2014-இல் தனியாகப் படித்தார்கள். என்னிடம் வருபவர்களில், பகல் முழுவதும் தனக்கென்று பத்து நிமிடம்கூட இல்லாதவர்களே இப்படி ராத்திரியிலிருந்து கடன் வாங்குகிறார்கள். 11 நிமிட எபிசோடில் ஒரு தந்திரமும் உண்டு: இன்னும் ஒன்றுதானே என்று எப்போதும் தோன்றும். ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் கை நீட்டிப் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தால், மூன்றாவதில் கை தயங்கும்.

நிறுத்துவதா, தொடர்வதா

பாஸ்வேர்டைக் கணவரிடம் ஒப்படைக்க வேண்டாம். உங்கள் பொழுதுக்கு அவரைக் காவல்காரர் ஆக்கினால் இருவருக்கும் நல்லதில்லை. அவர் அப்படிக் கேட்கவும் இல்லை. முழுதாக நிறுத்தினால் அந்த ஒரு மணி நேரத்தில் வேறெது வந்து உட்காரும் என்று யோசியுங்கள். பெரும்பாலும் போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பதுதான், அதில் சிரிப்பும் இருக்காது. இப்படியே தொடர்ந்தால் தூக்கம் கெட்டு, பகலில் எரிச்சலாகி, அந்தப் பழியும் பாவம் மில்க் ஷேக் தலையில் விழும். வாரத்தில் நான்கு நாள், பத்தரைக்கு ஆரம்பித்து இரண்டு எபிசோடு என்று வீட்டில் சொல்லிவிட்டே பாருங்கள். மகனின் மறுநாள் ஏற்பாட்டை அந்த நாட்களில் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே ருசி இல்லாமல், இந்தத் தொடர்களுக்குக்கூடச் சிரிப்பு வராமல், பசியோ தூக்கமோ மாறி, வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் தலைகாட்டினால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். சிரிப்பு வருவதைவிட வராமல் போவதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

கணவர் "டாக்டரைப் பார்க்கலாமா" என்று கேட்டதை நீங்கள் கேலியாக எடுத்துக்கொண்டதுபோலத் தெரிகிறது. எனக்கு அது பயந்த ஒரு மனிதனின் பேச்சாகப் படுகிறது. மனைவி அழுது அவர் பார்க்கவில்லை. பார்த்தது சிரிப்பை மட்டும், அதுவும் நடு ராத்திரியில், காரணம் தெரியாமல். அவரிடம் இருக்கும் கணக்கில் ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது. குதிரையைப் பார்த்து அழுததைச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றி அழுதேன் என்றே சொல்லுங்கள்.

அப்புறம், அவர் சம்மதித்தால் அந்த எபிசோடை அவரோடு சேர்ந்து பாருங்கள், சுமார் 25 நிமிடம்தான். அவருக்கு முன்கதை தெரியாது, ஏன் குதிரை கோட்டு சூட்டு போட்டிருக்கிறது என்று நிச்சயம் கேட்பார். பொறுமையாகச் சொல்லுங்கள். மில்க் ஷேக்கை மட்டும் இப்போதைக்குக் காட்ட வேண்டாம். எனக்கே சிரிப்பு வர மூன்று எபிசோடு ஆயிற்று.